வாய்க்காலுக்கு உள்ளே படையெடுப்பு நடக்கவில்லை

ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்தில் சுவீடன்காரர்கள் போலந்தை ஏறக்குறைய முழுசாகப் பிடித்தார்கள். ஸ்ட்ருகா கிராமத்தில் ஒனூஃப்ரியின் நிலத்தை மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை, காரணம் ஒனூஃப்ரி சம்மதிக்கவில்லை. ஓர் ஏர் உழுகிற அளவுக்கு நிலம், நான்கு ஆப்பிள் மரம், ஒரு வீடு, ஒரு களஞ்சியம், சுற்றிலும் முழங்கால் ஆழத்தில் ஒரு வாய்க்கால். பெரிய பெரிய கோட்டை வைத்திருந்தவர்கள் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாகச் சாவியைக் கொடுத்த அந்த வருஷத்தில், இந்த வாய்க்காலைத் தாண்டிய ஒவ்வொரு சிப்பாயும் தாண்டி முடித்த கணமே வாய்க்காலுக்கு வெளியே, வந்த வழியைப் பார்த்தபடி நின்றான். அடி இல்லை, காயம் இல்லை. குதிரைகள்கூட மிரளவில்லை. பீரங்கிக் குண்டு ஒன்று பறந்து வந்து வாய்க்கால் தண்ணீரில் தொப்பென்று விழுந்து புகைந்தது. ஒனூஃப்ரியின் மனைவி அப்பொலோனியா அது ஆறியதும் எடுத்துக் கழுவி, முட்டைக்கோஸ் புளிக்கப் போட்டிருந்த பீப்பாயின் மேல் பாரமாக வைத்தாள். அந்த வருஷத்துக் கோஸ் நன்றாக வந்தது.

அப்பொலோனியாவுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைதான். ஸ்ட்ருகாவில் இருந்தவர்கள் எல்லாரும் பிரபுக் குலம், எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர், எல்லாரும் தாங்களே ஏர் பிடித்து உழுதவர்கள். உழும்போதும் இடுப்பில் வாள் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் கௌரவம் போய்விடும். ஒனூஃப்ரி இரும்பு வாளைச் சாராயக் கடையில் அடகு வைத்துவிட்டு மரவாள் கட்டிக்கொண்டு உழுதான். பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது என்பதால் ஊரில் பட்டப்பெயர்தான் புழக்கம். ஒருவன் கோணவாய், ஒருவன் பன்றித்தலை, ஒனூஃப்ரி முடியாதுக்காரன். எங்கள் பிரபுக்கள் சபை வழக்கம் அப்படி: ஆயிரம் பேர் சரி என்று சொல்லி ஒருவன் எழுந்து 'நான் சம்மதிக்கவில்லை' என்றால் அந்தத் தீர்மானம் அன்றோடு செத்தது. சபையில் வருஷத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டியதை ஒனூஃப்ரி வீட்டில் தினம் சொன்னான். சூப்பில் உப்புக்குச் சம்மதமில்லை, மாமியார் வருகைக்குச் சம்மதமில்லை, பக்கத்து நிலத்து யோனாஷ் எல்லையில் நின்ற பேரி மரத்தைத் தன்னுடையது என்றால் அதற்கு எள்ளளவும் சம்மதமில்லை. அந்தப் பேரி மரத்து வழக்கு பதினேழு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

படையெடுப்பு ஏன் வந்தது என்று பெரிய மனிதர்கள் பலவாறு சொல்வார்கள். சுவீடன் ராஜாவும் நம் ராஜாவும் உறவு. சுவீடன் கிரீடம் தனக்கே என்று நம்மவர் முத்திரையில் பொறித்துக்கொண்டு, அங்கே போகவும் வழியில்லாமல், விடவும் மனசில்லாமல் இருந்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேலான பங்காளிச் சண்டை. அவர்களுக்கோ ஜெர்மனி யுத்தம் முடிந்து சும்மா கிடந்த சேனைக்குத் தீனி வேண்டும், கடலோரத் துறைமுகச் சுங்கமும் வேண்டும். கிழக்கே கொசாக்குகளும் மாஸ்கோக்காரர்களும் ஏற்கெனவே நாட்டைப் பாதி எரித்திருந்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்பொலோனியாவைக் கேட்டால் மஞ்சள் பூட்ஸ் என்பாள். அந்த வருஷம் வசந்தத்தில் மாவட்ட சபை கூடி, காலாட்படை பிடிக்க வீட்டுக்கு வீடு வரி போடலாம் என்று பேசியது. வரி கட்ட விரும்பாத ஒரு பெரிய பிரபுவின் ஆள் ஒனூஃப்ரிக்கு ஒரு ஜோடி மஞ்சள் தோல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தான். ஒனூஃப்ரி எழுந்து அந்த ஒரே வார்த்தையைச் சொன்னான். வரி செத்தது, படை பிறக்கவில்லை. அவன் பூட்ஸ் கிரீச்சிட வீட்டுக்கு நடந்து வந்தபோது அப்பொலோனியா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"அழகா இருக்கு. ஒரு காலுக்கு எத்தனை சிப்பாய்?"

ஒனூஃப்ரி குனிந்து பூட்ஸைப் பார்த்தான். அவன் எதையும் மறுக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஜூலையில் சுவீடன்காரர்கள் வந்தார்கள். மாகாணத்துப் பிரபுக்கள் எல்லாரும் குதிரையேறி உய்ஷ்சி என்ற ஆற்றோர ஊரில் கூடினார்கள். வெடிமருந்து இல்லை, ரொட்டி இல்லை, ஒயின் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது. இரண்டாம் நாளே பெரியவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து சுவீடன் ராஜாவுக்குப் பணிகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்தின் கடைசியில், குதிரைச் சாணத்தில் மஞ்சள் பூட்ஸ் புதைய நின்ற ஒனூஃப்ரி 'நான் சம்மதிக்கவில்லை' என்று கத்தினான். முதல் தடவை சொல்லும்போது யாரும் திரும்பவில்லை. இரண்டாம் தடவை பக்கத்தில் இருந்த கோணவாய்க் காஸ்பர் முழங்கையால் இடித்து, "சும்மா இருண்ணே, அங்க பந்தி ஆரம்பிச்சாச்சு" என்றான். மூன்றாம் தடவை அவன் அழுதுகொண்டே சொன்னதாகக் காஸ்பர் பிற்பாடு ஊரில் சொல்லிச் சிரித்தான். பிறகு ஒனூஃப்ரி பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தான். பூட்ஸை அப்பொலோனியா வாங்கிப் பரணில் போட்டாள். சட்டப்படி பார்த்தால் ஒருவன் மறுத்த தீர்மானம் செல்லாது. நாடு அதை மறந்துவிட்டது, ஒனூஃப்ரியின் மண் மறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இலையுதிர் காலத்தில் தீவனம் தேடி வந்த குதிரைப்படைக் கேப்டன் ஒருவன் ஆறேழு தரம் தாண்டிப் பார்த்து, ஆறேழு தரமும் வெளியே நின்றபின், முறைப்படி பேசலாம் என்று இறங்கி வந்தான். சுவீடன் படையில் புழங்கிய ஜெர்மன் பாஷை யோனாஷுக்குத் தெரியும் என்பதால் அவரை இழுத்து வந்து இடையில் நிறுத்தினார்கள். யோனாஷும் மரவாள்தான் கட்டுவார், ஆனால் ஏழ்மையால் அல்ல. பழங்காலத்துப் பாதிரியார் ஒருவரின் பெயரை வைத்து ஆரியர்கள் என்று ஊர் ஏசுகிற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர் அவர். கடவுள் ஒருவர்தான், மூவர் அல்ல என்பதும், மனிதனை மனிதன் வெட்டக் கூடாது என்பதும் அவர்கள் கொள்கை. மரவாள் கட்டிய இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேப்டன் சரணாகதிப் பத்திரத்தின் நகலை நீட்டினான்.

"உங்காளுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சுங்கறாரு" என்று மொழிபெயர்த்தார் யோனாஷ்.

"எல்லாரும் இல்ல. நான் போடலை. இங்க ஒருத்தன் வேண்டாம்னா வேண்டாம்தான்னு சொல்லு."

யோனாஷ் சொன்னார். கேப்டன் ஏதோ கேட்டான்.

"இப்படியாய்யா ஒரு நாட்டை நடத்துவீங்கன்னு கேக்கறாரு."

"ஆமான்னு சொல்லு. அதனாலதான் நீங்க இங்க நிக்கிறீங்கன்னும் சொல்லு."

கேப்டன் சிரித்துவிட்டான். தொப்பியை எடுத்து அப்பொலோனியாவுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். போகிற வழியில் ஸ்ட்ருகாவின் மற்ற வீடுகளை எல்லாம் வழித்துத் துடைத்தான்.

அதற்குப் பிறகு வருஷங்கள் மோசமாகத்தான் போயின. சுவீடன்காரர்கள் சரியான சுரண்டல்காரர்கள். வார்சா அரண்மனையின் சலவைக்கல் தூண்களைப் பெயர்த்துப் படகில் ஏற்றினார்கள், நூலகங்களை அலமாரியோடு தூக்கினார்கள். எங்கள் மாதா கோயிலிலிருந்து மணியும் பலிபீடமும் கதவுக் கீலும் போயின. பஞ்சமும் கொள்ளைநோயும் பின்னால் வந்தன. ஊருக்கு ஊர் மூன்றில் ஒரு பங்கு ஜனம் மண்ணுக்குள் போயிற்று. ஸ்ட்ருகாவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் மாடு, குழந்தை, கோழியோடு முடியாதுக்காரனின் வாய்க்காலுக்குள் வந்து சேர்ந்தார்கள். கோணவாய்க் காஸ்பர் இரண்டு வருஷம் அவன் களஞ்சியத்தில் தூங்கினான். அப்பொலோனியா எல்லாருக்கும் தினைக்கஞ்சி காய்ச்சினாள். கஞ்சி பற்றாத நாளில் காஸ்பர் முகம் சுளித்தால், "பந்தி உய்ஷ்சியிலதான் பெருசா நடந்துச்சே, அங்க கட்டிட்டு வந்திருக்கலாமே" என்பாள்.

யோனாஷின் வீட்டை எரித்தது சுவீடன்காரர்கள் அல்ல, நம் ஆட்கள். நாடு விழித்துக்கொண்டு எதிரியை விரட்டக் கிளம்பியபோது, எதிரி கைக்கு அகப்படாத இடங்களில் யூதர்களும் ஆரியர்களும் அகப்பட்டார்கள். சுவீடன்காரனிடம் ஏன் பாதுகாப்புச் சீட்டு வாங்கினாய் என்று யோனாஷைக் கேட்டார்கள். ஊரில் வாங்காதவன் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார், அதற்குள் கூரை பற்றிவிட்டது. புருஷனைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்துவிட்டு நிறைமாதமாய் நின்ற மகள் ஏவாவைக் கைப்பிடித்துக்கொண்டு அவர் வாய்க்கால் கரையில் வந்து நின்றார். ஒனூஃப்ரி அவரைப் பார்த்த பார்வையில் பதினேழு வருஷ வழக்கும் இருந்தது.

"பேரி மரம் என்னோடதுன்னு ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்க மாட்டேன்" என்றார் யோனாஷ், முகமெல்லாம் கரி.

"அப்ப உள்ள வாய்யா. வழக்கை முடிக்காம உன்னைச் சாக விட முடியாது."

ஏவா களஞ்சியத்தில் பெற்றாள். அப்பொலோனியாதான் பிரசவம் பார்த்தாள். அப்பொலோனியாவுக்குப் பிறந்த மூன்றும் தொட்டிலைத் தாண்டாமல் போனவை. இந்தப் பெண் குழந்தை, ரெபெக்கா, கையில் விழுந்ததும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்பொலோனியாவுக்கு ஒரே கவலை. ஆரியர்கள் பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள், வளர்ந்து தானாகக் கேட்க வேண்டும் என்பார்கள். அதுவரை ஏதாவது ஆகிவிட்டால் ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு மோட்சம் ஏது? ஒருநாள் ஏவா துணி துவைக்கப் போன நேரத்தில் குழந்தையை மடியில் போட்டு, ஜெபத்தை முணுமுணுத்தபடி குவளையைச் சாய்த்தாள். தண்ணீர் விழவில்லை. குவளையின் விளிம்பில் கண்ணாடித் துண்டு போல வளைந்து நின்றது. அப்பொலோனியா இன்னும் சாய்த்தாள், முழுசாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் குவளையை நிமிர்த்திக் கீழே வைத்தாள். 'ஏவா சம்மதிக்கலை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனால் சமையலுக்கு எழுந்து போகும்போது இன்னொன்றும் தோன்றியது: ஏவா பிரபுக்கள் சபைக்குப் போகிறவள் இல்லை, பெண்ணுக்கு ஏது சபை, அப்படியிருந்தும் இந்த மண் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆண்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் தினம் மல்லுக்கு நின்றார்கள். மூவர் எப்படி ஒருவர் ஆவார் என்று யோனாஷ் கேட்பார். சம்மதமில்லை என்பான் ஒனூஃப்ரி. அவன் சொன்னதற்கு இவரும் சம்மதமில்லை என்பார். இரண்டு மறுப்பும் மோதிய நாட்களில் சூப் கொதிக்கவும் கொதிக்காது, ஆறவும் ஆறாது. "ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க, குழந்தைக்குப் பசிக்குது" என்று அப்பொலோனியா கரண்டியைக் காட்டுவாள்.

சுவீடன்காரர்கள் பின்வாங்கத் தொடங்கிய பிறகு, வார்சாவில் பெரிய சபை கூடி, நாட்டுக்கு நேர்ந்த பாவம் எல்லாம் ஆரியர்களால் வந்தது என்று கண்டுபிடித்தது. கையெழுத்துப் போட்டவர்கள், பூட்ஸ் வாங்கியவர்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தச் சட்டத்தை எழுதினார்கள்: மதம் மாறு, அல்லது நாட்டை விட்டுப் போ, இரண்டும் செய்யாவிட்டால் சாவு. கெடு ஆயிரத்து அறுநூற்று அறுபது ஜூலை பத்து. சபையில் ஒருவர் மறுத்தாராம். அவரே ஆரியர், ஆகவே அவர் மறுப்பு கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்களாம். இதைக் கேட்ட அன்று ஒனூஃப்ரி சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வாய்க்கால் கரைக்குப் போய், தன் சொந்த நாட்டைப் பார்த்து, தன் வார்த்தையைத் தெளிவாக ஒருமுறை சொன்னான். பூட்ஸுக்காகச் சொன்னபோது இருந்த குரல் இல்லை அது. அடுத்த வாரம் சட்டத்தை வாசிக்க வந்த தண்டோராக்காரன் வாய்க்காலைத் தாண்டி வெளியே போய் நின்றான், சுவீடன்காரன் மாதிரியே.

ஆனால் ஒனூஃப்ரிக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கெடு முடிகிற வருஷத்துத் தவக்காலம் முழுக்க அவன் படுக்கையில் மூச்சுக்குத் தவித்தான். சாவு வந்தது. எங்கள் பக்கத்தில் சாவு என்பவள் வெள்ளைத் துணி போர்த்திய ஒல்லிப் பெண். அவளாலும் உள்ளே வர முடியவில்லை, ஒனூஃப்ரி சம்மதிக்கவில்லை. வாய்க்கால் மேட்டில் பனியில் உட்கார்ந்து காத்திருந்தாள். அப்பொலோனியா இரக்கப்பட்டு ஒருநாள் சூடாக்கிய பீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பிடிவாதம்" என்றாள்.

"எனக்கா தெரியாது" என்றாள் அப்பொலோனியா.

வீட்டுக்குள் ஒனூஃப்ரி ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்துக்கொண்டிருந்தான். அப்பொலோனியா கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவளுக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 

"போதுங்க. இதுக்காவது சம்மதிச்சிடுங்க. பாக்க முடியலை என்னால."

"நான் போனா என் வார்த்தையும் போயிரும். யோனாஷையும் பிள்ளைகளையும் யாருடி பாத்துப்பா?"

"நான் இருக்கேன்."

"உனக்கு ஓட்டு இல்லையே."

"அது என் கவலை. நீங்க கிளம்புங்க."

 ஒனூஃப்ரி, வாழ்நாளில் முதல் தடவையாக, "சம்மதம்" என்றான். வெளியே பனியில் யாரோ எழுந்து உடையைத் தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஈஸ்டர் கழிந்த வாரம் மாவட்ட அதிகாரியின் ஆள் ஒருவன் வாய்க்காலைத் தாண்டினான். தாண்டியவன் உள்ளேயே நின்றான். தன் காலைத் தானே குனிந்து பார்த்து ஆச்சரியப்பட்டு, கெடுவை நினைவுபடுத்திவிட்டு, போகிற போக்கில் ஒரு கோழியையும் பிடித்துக்கொண்டு போனான். யோனாஷ் அன்றைக்கே வண்டிக்கு அச்சு சீவத் தொடங்கினார். எல்லை தாண்டிச் சிலேசியாவுக்குப் போய்விடலாம் என்றார். வழியில் ஆரியர்களை ஊர் ஊராகக் கொள்ளையடிப்பதும், குழந்தைகள் சாலையோரத்தில் சாவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பொலோனியா கரைக்குப் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாம் என்று பல தடவை எழுந்தாள். சொல்லிப் பார்த்து மண் கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பல தடவை உட்கார்ந்தாள். ரெபெக்கா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

ஜூலை பத்து கழிந்த மறுநாள் காலையில் குதிரைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் கோணவாய்க் காஸ்பர். கெடுவுக்குப் பின்னும் தங்கியவர்களின் சொத்தில் காட்டிக்கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தான். யோனாஷின் நிலமும் பேரி மரமும் அவன் கண்ணை உறுத்தின. அப்பொலோனியா பரணில் ஏறி மஞ்சள் பூட்ஸை எடுத்து, உள்ளே வைக்கோல் திணித்து மாட்டிக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கரைக்கு வந்தாள்.

"அண்ணி, வழி விடுங்க. இது எல்லாரும் சம்மதிச்ச சட்டம்" என்றான் காஸ்பர்.

"எல்லாருமா? வார்சாவுல ஒருத்தர் மாட்டேன்னாராமே."

"அவரு அந்த மதம். அது கணக்குல வராது."

"நான் உங்க மதம்தான். ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன்னால முட்டி போடறவ."

"நீங்க பொம்பள அண்ணி."

"ரெண்டு வருஷம் என் கஞ்சியைக் குடிச்சப்ப அது உனக்குத் தெரியலையா?" அவள் களஞ்சியத்தைக் கை காட்டினாள். "இந்த யோனாஷ் மேல எனக்கு ஒரு வழக்கு இருக்கு. என் புருஷன் விட்டுட்டுப் போனது. அது முடியற வரைக்கும் அவரு எங்கயும் போகக் கூடாது, அவரு மகளும் போகக் கூடாது, இந்தக் குழந்தையும் போகக் கூடாது. நான் சம்மதிக்கலை."

காஸ்பர் சிரித்தான், குதிரையைத் தட்டினான். குதிரை வாய்க்காலை அழகாகத் தாண்டியது. தாண்டி இறங்கியபோது அது வெளியே, ஊர்ப்பக்கம் பார்த்தபடி நின்றது. பின்னால் வந்த குதிரைகள் ஒவ்வொன்றும் அப்படியே. கோழி பிடித்தவன் எல்லாருக்கும் முன்னால் கிளம்பிப் போனான். காஸ்பர் மட்டும் மறுபடி மறுபடி தாண்டிக்கொண்டிருந்தான், சேணம் வியர்த்து நனைகிற வரைக்கும். அப்பொலோனியா கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். குதிகால் இரண்டும் உரிந்திருந்தன. பூட்ஸை வாய்க்காலில் போட்டாள், அது மிதந்துகொண்டே போயிற்று. களஞ்சியத்திலிருந்து யோனாஷ், "அந்த மரம் என்னோடதுதான் அண்ணி" என்று கத்தினார். அழுதுகொண்டே கத்தினார்.

"கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

பேரி மர வழக்கு அவர்கள் இருவரும் இருந்தவரை முடியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மூன்று ராஜ்யங்கள் சேர்ந்து நாட்டையே கூறு போட்டபோது, பிரஷ்யாவின் நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு வந்து, இந்த இடத்தை மட்டும் அளக்க முடியாமல், படத்தில் குளம் என்று வரைந்துவிட்டுப் போனார்கள். சாலை இன்றும் அங்கே வளைந்துதான் போகிறது. ஞானஸ்நானம் வாங்காமலே வளர்ந்த ரெபெக்கா, அப்பொலோனியாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில், வாய்க்கால் கரைக்குப் போய் அந்த வார்த்தையைச் சொன்னாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு பால் கறக்கப் போனாள்.